ஒரு வெடி, இரண்டு சேவல்

1971 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. ட்வைலா டேக்கெட்டுக்கு எட்டு வயது. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்ட நாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. அன்று காலை மாநில வனவுயிர்த் துறையின் லாரி ஒன்று பன்னிரண்டு அட்டைப் பெட்டிகளோடு தங்கள் பண்ணைக்கு வரப்போகிறது என்பது முந்தின நாளே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காட்டு வான்கோழி. ஒன்பது பெட்டை, மூன்று சேவல். எங்கோ நூறு மைலுக்கு அப்பால் வலை வீசிப் பிடித்தவை. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில், கருவாலி மரங்கள் தொடங்கும் இடத்தில், பெட்டிகளை வரிசையாக வைத்து மூடியைத் திறந்தார்கள். பதினொன்று விருட்டென்று பறந்து காட்டுக்குள் மறைந்தன. ஒரு பெட்டை மட்டும் தலையை நீட்டியது, சுற்றிப் பார்த்தது, திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது.

ட்வைலாவின் அப்பா எமரி டேக்கெட் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"இறங்கும்மா. இங்க வாடகை எல்லாம் கிடையாது."

அது இறங்கியது.

எமரிக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. தெற்கு மிசூரியின் ஓசார்க் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், அதுவரை ஒரு காட்டு வான்கோழியை உயிரோடு பார்த்ததில்லை. அவருக்கு முந்தைய தலைமுறை மரத்தையெல்லாம் வெட்டி விற்று, பறவையையெல்லாம் சுட்டுத் தின்று முடித்திருந்தது. துறை ஒரு நிபந்தனை போட்டிருந்தது: ஐந்து வருஷத்துக்கு யாரும் ஒரு பறவையைக்கூடத் தொடக்கூடாது, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எமரி பதினோரு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பதினோரு கோப்பை காபி குடித்து, பதினோரு கையெழுத்து வாங்கினார். கடைசியாகப் போட்டவர் ஹோமர் ஸ்டக்கி. "வேலி தாண்டி என் சோளத்தைத் தின்னா என்ன பண்றது?" என்று கேட்டுக்கொண்டேதான் போட்டார். ஆனால் போட்டார்.

ஆறு வருஷம் கழித்து, 1977 வசந்தத்தில், அந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், முதல் முறையாக வேட்டைப் பருவம் திறந்தது. எமரி விடிவதற்கு முன்பே கிளம்பினார், துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு. எட்டு மணிக்குத் திரும்பி வந்து, கால்சட்டையில் ஒட்டிய ஈர இலைகளைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"பதினாலு சேவல் கூவுச்சு. போதும் எனக்கு."

*

ட்வைலா 1983இல் டெல்மர் ரஸ்கைக் கல்யாணம் செய்துகொண்டு அவருடைய குடும்பத்தின் தீவனக்கடைக்கு வந்தார். மறு வருஷமே அந்தக் கடை வேட்டைச் சோதனைச் சாவடியாகவும் ஆனது. அந்தக் காலத்தில் வான்கோழி சுட்டவர் யாராக இருந்தாலும், பிற்பகல் மூன்று மணிக்குள் பறவையைச் சாவடிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். வாசல் உத்தரத்தில் ஒரு தராசு தொங்கியது. ட்வைலா எடை போடுவார், நெஞ்சில் தொங்கும் தாடியையும் காலில் இருக்கும் முள்ளையும் அளவுகோலால் அளப்பார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுவார், காலில் உலோகப் பட்டை மாட்டி அனுப்புவார்.

பருவம் திறக்கும் திங்கட்கிழமை கடை முன்னால் நாற்பது பிக்கப் வண்டிகள் நிற்கும். அடுப்பில் பிஸ்கட் ரொட்டியும் அதன்மேல் ஊற்றும் மிளகுக் குழம்பும் தீராமல் இருக்கும். யார் எதைத் தவறவிட்டார், யார் தூங்கிப்போனார், எவன் மரக்கட்டையைச் சேவல் என்று நினைத்துச் சுட்டான் என்பதெல்லாம் தராசுக்கு வந்து சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். ட்வைலாவுக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். பொய் சொல்பவர்களையும் பிடிக்கும், பிடிப்பது சுலபம் என்பதால். பறவையின் கண்ணைப் பார்த்தாலே போதும். "இது இன்னிக்கு செத்தது இல்லயே ராஜா. நேத்தே செத்து, உன் ஐஸ்பெட்டியில படுத்துக் கிடந்திருக்கு." வரிசையில் நிற்பவர்கள் விசில் அடிப்பார்கள். ட்வைலா வனக்காவலருக்குப் போன் போடுவார்.

1994இல் ஒரு நாள் அந்த வரிசையில் டெல்மரே நின்றார்.

இருபத்திரண்டு பவுண்டு சேவல். தோளில் தொங்கவிட்டபடி, முகமெல்லாம் பல்.

"எத்தனை மணிக்கு சுட்ட?" என்று கேட்டார் ட்வைலா, எழுதிக்கொண்டே.

"பன்னெண்டரை. வண்டிக் கடிகாரத்துல பாத்துட்டுதான் சுட்டேன்."

பேனா நின்றது. வேட்டை நேரம் பிற்பகல் ஒரு மணியோடு முடிகிறது. ஏப்ரல் பிறந்ததும் கோடைக்கால நேரக் கணக்குப்படி ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாயிற்று. ஊரே என்றால், டெல்மரின் வண்டியைத் தவிர. அந்தக் கடிகாரத்தை எப்படித் திருப்புவது என்று அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. வருஷத்தில் ஆறு மாதம் அது சரியாக ஓடும், ஆறு மாதம் பொறுத்துக்கொள்வார்கள்.

"டெல்மர், அப்போ மணி ஒண்ணரை."

"ட்வைலா."

"ஒண்ணரைடா டெல்மர்!" என்று பின்னால் யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள்.

"ட்வைலா, இது நம்ம வண்டி."

"அதனாலதான எனக்குத் தெரியுது."

போன் போட்டார். காவலர் வந்து சேவலை எடுத்துக்கொண்டு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார். டெல்மர் ஒன்பது நாள் மனைவியோடு பேசவில்லை. பத்தாம் நாள் அந்தச் சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் மாட்டினார். "என் பொண்டாட்டி எனக்கு எழுதின ஒரே காதல் கடிதம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது.

*

2005இல் சாவடிகளை மூடினார்கள். அதன் பிறகு பறவையை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. பறவைக்கு ஒன்று என்று துறை தரும் சீட்டில் தேதியைக் குறித்துக் காலில் கட்டிவிட்டு, போனில் சில எண்களை அழுத்தினால் வேலை முடிந்தது. தராசு சும்மா தொங்கியது.

ட்வைலா சும்மா இருக்கவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, துறைக்காகக் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ச் சாலையோரத்துப் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணும் தொண்டர்களில் அவரும் ஒருவர். எண்பதுகளில் ஒரு பெட்டைக்குப் பின்னால் ஐந்து குஞ்சு, ஆறு குஞ்சு ஓடும். 2022 கோடையில் பெட்டைகள் பாதிக்குமேல் தனியாகவே நடந்தன. காரணம் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்: கூடு கலைக்கும் ரக்கூன், ஈரமான மே மாதம், புல்வெளியைச் சீக்கிரமே அறுக்கும் இயந்திரம். ட்வைலாவுக்குக் காரணம் நிச்சயமாகத் தெரியாது. எண்ணிக்கை மட்டும் தெரியும்.

அடுத்த வசந்தத்துக்குள் துறை ஒரு யோசனையை முன்வைத்தது: பருவத்துக்கு ஆளுக்கு இரண்டு சேவல் என்று இருப்பதை, அந்தக் கவுண்டியில் சில வருஷங்களுக்கு ஒன்றாகக் குறைக்கலாமா? பருவம் திறக்கும் வாரத்தின் வியாழக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் ஊர்க்கூட்டம். ஆதரித்துப் பேச ட்வைலா பெயர் கொடுத்தார்.

எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்தவர் வெர்ல் ஸ்டக்கி, பழைய ஹோமரின் மகன். நகரத்திலிருந்து வரும் வேட்டைக்காரர்களுக்கு மரக்குடில்கள் வாடகைக்கு விடுகிறவர். ட்வைலாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்து, ஒன்றாம் வகுப்பிலிருந்தே சண்டை போடுகிறவர். அவருடைய நிலத்தின் வழியாகப் போகும் நான்கு மைல் மண்சாலைக்கு மட்டும் கேட் உண்டு. எண்ணுவதற்காக அந்தக் கேட்டை ஒருநாளும் திறந்ததில்லை.

"அவ கம்மியா பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே போறா, கம்மியாத்தான் கண்ணுல படும்" என்று தீவனக்கடையிலேயே நின்று, ட்வைலா காதுபடச் சொல்வார். ஊரில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். அந்தப் பாதியைத் திருப்பத்தான் வியாழக்கிழமை.

*

2023 ஏப்ரல் 17, திங்கட்கிழமை. பருவம் திறந்தது. ட்வைலா அப்பாவின் பழைய மேய்ச்சல் நிலத்தில், பெட்டிகளைத் திறந்த அதே ஓரத்தில், ஒரு கருவாலி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறே முக்கால் மணிக்கு இரண்டு சேவல்கள் வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, சேர்ந்தே வந்தன. சேர்ந்து நிற்கும்போது சுடக்கூடாது. துப்பாக்கி ரவை சிதறி இரண்டின் மீதும் படும். இருபத்தொரு வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்: முன்னாடி நிக்கறதைப் பாக்காதீங்க, பின்னாடி என்ன நிக்குதுன்னு பாருங்க.

காத்திருந்தார். ஒன்று வலப்பக்கம் பத்தடி விலகியது. அதன் கழுத்து நீண்டது. சுட்டார்.

சேவல் விழுந்தது. கூட வந்தது பறந்து தப்பியது. அதற்குப் பின்னால், இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள், வேறேதோ படபடவென்று அடித்துக்கொண்டது.

மூன்றாவது ஒன்று இருந்திருக்கிறது. ட்வைலா போய்ச் சேர்வதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. கனமான, நல்ல சேவல்.

முதல் வாரத்தில் ஆளுக்கு ஒன்றுதான். இரண்டாவதைச் சுட அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும். ட்வைலா முதல் பறவையின் காலில் சீட்டைக் கட்டினார். இரண்டாவது சீட்டு சட்டைப்பையில் இருந்தது.

பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு ஏறப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் எல்லாம் யோசித்தார். கடையின் பின்னால் பெரிய உறைபெட்டி இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை காலை சீட்டில் தேதியைக் குறித்து, போனில் எண்களை அழுத்தினால் தீர்ந்தது. பறவையின் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவர் இந்தக் கவுண்டியில் ஒரே ஒருவர்தான், அந்த ஒருவர் இப்போது மேடு ஏறிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டாலோ, வெர்லுக்கு வேறு பேச்சே தேவையில்லை. 'ஒன்று போதும்' என்று கேட்கப் போகிறவள் முதல் நாளே இரண்டைச் சாய்த்தாள் என்று ஒரு வரி சொன்னால், கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்துவிடும். ஆளுக்கு ஒரு சேவல் என்கிற யோசனையும் அதோடு போய்விடும்.

மேட்டில் நின்று மூச்சு வாங்கினார். கீழே பள்ளத்தில் எங்கோ தப்பித்துப் போன சேவல் திரும்பவும் கூவியது. அவ்வளவு நடந்த பிறகும் அது பாட்டுக்குக் கூவியது. ட்வைலாவுக்குச் சிரிப்பு வந்தது.

கோரின் யோக்கமுக்குப் போன் செய்தார். கவுண்டியின் வனக்காவலர், முப்பத்து நான்கு வயது, இரண்டு வருஷமாக இங்கே வேலை.

"கோரின், நான் ட்வைலா ரஸ்க். ஒரு வெடி வெச்சேன். ரெண்டு விழுந்துருச்சு."

"எங்கயும் போயிடாதீங்க மிஸ் ட்வைலா. வர்றேன்."

வந்தார். மரத்திலிருந்து அடியெடுத்து எண்ணினார், புல்லை விலக்கிப் பார்த்தார், முழங்காலிட்டு ட்வைலா உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தார்.

"இங்கருந்து பாத்தா அது தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல."

"தெரிஞ்சிருக்கணும். ஊருக்கே பாடம் எடுத்தவ நான்."

"எச்சரிக்கைதான் எழுதப் போறேன்."

"டெல்மருக்கு எச்சரிக்கை இல்லயே! அபராதமே விழுந்துச்சு. செவுத்துல தொங்குது, போய்ப் பாரு."

"பாத்திருக்கேன். ஆனா அவர் தானா போன் பண்ணலயே. இன்னிக்கு நீங்களே பண்ணீங்க."

ட்வைலா சட்டைப்பையிலிருந்து இரண்டாவது சீட்டை எடுத்து நீட்டினார். "அப்ப இதையாவது எடுத்துக்க. என் ரெண்டு சேவலும் முடிஞ்சுபோச்சு. இந்த வருஷம் அவ்வளவுதான் எனக்கு."

"சட்டப்படி நான் அதைக் கேக்கல."

"நீ கேக்கல. நான் குடுக்கறேன்."

கோரின் வாங்கிக்கொண்டார். இரண்டாவது சேவலையும் எடுத்துக்கொண்டார். பறிமுதலான கறி தேவைப்படுகிற இடத்துக்குப் போகும். அந்த வாரம் அது மெதடிஸ்ட் தேவாலயத்தின் புதன்கிழமைச் சாப்பாட்டுக்குப் போனது.

*

புதன்கிழமை மாலை மாவுருண்டை போட்ட வான்கோழிக் குழம்பு. யாருடைய வான்கோழி என்பது பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்பே பரவிவிட்டது. டெல்மர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

"இருபத்தொம்பது வருஷம் காத்திருந்தேன்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "ஒரு உருண்டைகூட வீணாக்க மாட்டேன்."

"மெதுவா முழுங்கு, ரவை பல்லுல மாட்டப் போகுது" என்றார் ட்வைலா. அவர் தட்டு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் டெல்மர் வண்டியை ஓரங்கட்டினார். "போகாம இருந்துடலாம் நாளைக்கு. யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க."

"நீ அன்னிக்கு அந்த அபராதச் சீட்டை மாட்டாம இருந்திருந்தா, நானும் போகாம இருப்பேன்."

டெல்மர் வண்டியைக் கிளப்பினார். கடிகாரம் வழக்கம்போல ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. புது வண்டிதான். அதையும் யாரும் திருப்பக் கற்றுக்கொள்ளவில்லை.

*

வியாழக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு எண்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். போதவில்லை. துறையிலிருந்து வந்த இருவர் முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். வெர்ல் முதலில் பேசினார். குடில்களைப் பற்றி, தூரத்திலிருந்து வருகிற குடும்பங்களைப் பற்றி, நியாயமாகவே பேசினார். கடைசியில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒண்ணு போதும்னு சொல்லப் போறவங்க திங்கக்கிழமை எத்தனை சுட்டாங்கன்னு அவங்களே சொல்லட்டும்."

சிரிப்பு. ட்வைலா எழுந்தார்.

"ரெண்டு. ஒரே வெடியில. பின்னாடி நின்னதைப் பாக்கல." சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "சிரிங்க, பரவால்ல. உங்கள்ல பாதிப்பேரை நான் தராசுகிட்ட நிக்க வெச்சு சிரிச்சிருக்கேன். இப்ப என் முறை. அந்த ரெண்டாவதை உறைபெட்டியில போட்டு, வர்ற திங்கக்கிழமை சீட்டு கட்டியிருக்கலாம். எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியும்னு உங்களுக்கே தெரியும். மேடு ஏறுறவரைக்கும் அதைத்தான் யோசிச்சேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பேச்சு எழுதிய காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, பையிலிருந்து வேறொரு பழுப்பேறிய தாளை எடுத்தார். எமரி வாங்கிய பதினோரு கையெழுத்து. ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அறையில் ஏதோ ஒரு மூலையில் யாராவது நிமிர்ந்தார்கள்.

"கடைசிப் பேரு, ஹோமர் ஸ்டக்கி. முணுமுணுத்துக்கிட்டேதான் போட்டாராம். அஞ்சு வருஷம் அவர் சோளத்தைத் தின்னுச்சுங்க, வெர்ல். உங்கப்பா துப்பாக்கியைத் தொடல. யாருமே தொடல. நமக்கு ரெண்டு ரெண்டா சுடக் கெடச்சதெல்லாம் இந்தப் பதினோரு பேர் விட்டு வெச்சது. எங்கப்பாவுக்கு நன்றி சொல்லியிருக்கேன். இவங்கள்ல ஒருத்தருக்கும் சொன்னதில்ல. இன்னிக்கு சொல்லிக்கறேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்தார். டெல்மர் எழுந்து, தன் இரண்டாவது சீட்டைத் துறைக்காரர்கள் மேசையில் வைத்தார். "எனக்கும் ஒண்ணு போதும். எப்படியும் நேரத்துக்கு சுட வராது."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இந்த முறை ட்வைலாவும்.

வெளியே, வண்டிகளுக்கு நடுவே, வெர்ல் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டு."

காட்டினார். வெர்ல் அப்பாவின் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து மோசம்" என்றார்.

"உன்னுதும்தான்."

"இங்க பாரு, ட்வைலா. ஒண்ணு போதும்கறதுக்கு நான் இன்னும் ஒத்துக்கல."

"தெரியும்."

"ஆனா நீ எண்ணிக்கைல பொய் சொல்றதா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தன்னைத்தானே காட்டிக் குடுக்கறவ குஞ்சுக் கணக்குல எதுக்குப் பொய் சொல்லப் போறா?" சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜூன்ல கேட்டைத் தொறந்து வெக்கறேன். நாலு மைலையும் எண்ணிக்க. நானும் வண்டியில ஏறிக்குவேன். நீ எண்ணுறதை நான் எண்ணணும்."

"காபி நீ கொண்டு வரணும்."

"உன் காபியைவிட நல்லாத்தான் இருக்கும்."

ட்வைலா கை நீட்டினார். வெர்ல் பிடித்துக் குலுக்கினார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஆளுக்கு எத்தனை சேவல் என்ற முடிவைத் துறை செப்டம்பரில் அறிவிக்கும். எண்ணிக்கை ஜூன் ஒன்றாம் தேதி வியாழக்கிழமை தொடங்குகிறது. காலை ஆறரை மணிக்கு, ஸ்டக்கி கேட்டிலிருந்து.